மாட்டுக்கொட்டாய்த் தொகுதி

கண்ணு, உன் கடிதம் வந்து சேர்ந்தது. நான் நன்றாக இருக்கிறேன். உன் தங்கை கமலா நன்றாக இருக்கிறாள். காளை நன்றாக இருக்கிறது. உன் அப்பாவின் முழங்கால்கள் மட்டும் நன்றாக இல்லை, அதற்குக் காரணம் நீ. இரண்டிலும் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, நான் எழுதுவதையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "நான் நல்லா கீறேன்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன். மீதியை நான் என் இஷ்டப்படி எழுதுகிறேன். நீ கடல் தாண்டி உருளைக்கிழங்கை ஆராய்ச்சி செய்யப் போனவன். உன் கடிதத்தால் இந்த வீட்டில் என்னென்ன ஆராய்ச்சி நடந்தது என்று உனக்கும் தெரியவேண்டும் அல்லவா?

உன் நீலக் கடுதாசியில் இரண்டு சேதி இருந்தது. உள்பக்கம் முழுக்க அமெரிக்காவின் எண்பத்தெட்டாம் வருஷத்துத் தேர்தல். அங்கே ஜனாதிபதிக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை ஓட்டு என்று வைத்திருக்கிறார்கள், மற்ற மாநிலங்களில் முந்தியவருக்கே மொத்தமும் போய்விடும், நீ இருக்கிற மெய்ன் மாநிலத்தில் மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த மாநிலத்துக்கு நாலு ஓட்டு. மாநிலம் முழுவதும் எண்ணிப் பார்த்து அதிகம் வாங்கியவருக்கு இரண்டு, இருக்கிற இரண்டு தொகுதியில் தொகுதிக்கு ஒன்று. இதை உலக அதிசயம் போல வரிவரியாக விளக்கிவிட்டு, கடுதாசியை ஒட்டுகிற மடிப்பு ஓரத்தில், கோந்து பட்டு எழுத்து கலைகிற இடத்தில், 'மல்லிகாவைக் கட்டிக்கொள்ள ஆசை, அப்பாவிடம் கேட்டுச் சொல்லவும்' என்று ஒரே ஒரு வரி. ஊரான் தேர்தலுக்கு ஒரு பக்கம், உன் கல்யாணத்துக்குக் கோந்து! உன் அப்பாவுக்குப் பிறந்தவன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மல்லிகாவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வாணியம்பாடியில் நர்ஸ் வேலை பார்க்கிறாள், நிமிர்ந்து பேசுகிறாள். முறையும் சரியாக இருக்கிறது. அவள் அப்பா வெள்ளையன் என் பிறந்த ஊரான பலாமரத்தூரின் ஊர்க்கவுண்டர், எனக்குப் பங்காளி வழியில் அண்ணன், ஆகவே உனக்கு மாமன். நம் வழக்கப்படி மாப்பிள்ளையின் அப்பாதான் போய்ப் பெண் வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும். வேறு யார் போய்க் கேட்டாலும் செல்லாது. அந்த வாசலில்தான் உன் அப்பா காலை வைக்கமாட்டேன் என்று இத்தனை வருஷமாக இருந்தார். காரணம் பஸ் என்று உனக்குத் தெரியும். ஆனால் அப்போது நீ ஆஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய், லீவில் வந்தபோது உன் அப்பா சொன்ன கதையைத்தான் கேட்டாய். அவர் கதையில் அவரே தேர்தல் நடத்தி, அவரே ஜெயித்து, மழையைக்கூட அவரே நிறுத்தியிருப்பார். நடந்தது இதுதான்.

நம் மூன்று ஊரும் இருக்கிற மலைக்கு முதல் பஸ் விட்ட வருஷம் அது. சாயங்காலம் ஆலங்காயத்திலிருந்து ஏறி வந்து, ராத்திரி மலையில் தங்கி, விடிந்ததும் இறங்கவேண்டும். "எந்த ஊரில் தங்குவது? நீங்களே கூடிப் பேசி ஒரு ஊர் பேரைச் சொல்லுங்கள், எங்களுக்கு எதுவானாலும் சரி" என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். கூடிப் பேசச் சொன்னது அவர்கள் செய்த தப்பு. ரோடு முதலில் நம் புளியம்பட்டைத் தொடும், அப்புறம் சின்னவெளி, கடைசியில் பலாமரத்தூர். புளியம்பட்டில் தங்கினால் பஸ் அதற்கு மேல் போகாது, மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நம் ஊருக்கு நடந்து வரவேண்டும். பலாமரத்தூரில் தங்கினால் மூன்று ஊருக்கும் பஸ் உண்டு, ஆனால் காலையில் நம் ஊருக்கு வரும்போது எல்லா சீட்டிலும் பலாமரத்தூர்க்காரன் துண்டு கிடக்கும். துண்டு போட்டு இடம் பிடிக்கிற உரிமைக்காகத்தான் கண்ணு இவ்வளவும்.

நம் ஊருக்கு உன் அப்பா ஊர்க்கவுண்டர். தலையை எண்ணு என்றார் அவர், ஏனென்றால் நம் ஊரில்தான் தலை அதிகம். ஊருக்கு ஒரு வாய் என்றார் வெள்ளையன் அண்ணன், ஏனென்றால் சின்னவெளி அவர் பக்கம். "கைப்பிடி வூட்டை வச்சினு கீற சின்னவெளிக்கும் ஒண்ணு, எங்களுக்கும் ஒண்ணா?" என்று உன் அப்பா கத்துவார். "தலைய எண்ணினா எப்பவும் நீதான் ஜெயிப்பே. அப்புறம் எங்கள இன்னாத்துக்குக் கூப்புட்றே?" என்று அண்ணன் கத்துவார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் முடியவில்லை. இவர்கள் கத்தி முடிக்கும் வரை பஸ் எந்த ஊரிலும் தூங்காமல் தினமும் காலியாக இறங்கிப் போனது.

கடைசியில் பொறுமை இழந்தவர் கண்டக்டர் பாஷா பாய். வாணியம்பாடிக்காரர், ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பஸ்ஸைவிடப் பெரியது. ஒரு நாள் படிக்கட்டில் நின்றபடியே, "இன்னாங்க இது ரோதனை? நான் டிக்கெட்டு எப்டி போட்றேன்? ஏறினா மினிமம் சார்ஜ், அப்புறம் ஸ்டேஜுக்கு இவ்ளோன்னு. அதே மாரி நீங்களும் போடுங்க. ஊருக்கு ஒரு ஓட்டு. மூணு ஊரையும் சேர்த்து எண்ணி எது ஜாஸ்தியோ அதுக்கு ரெண்டு ஓட்டு. ஆச்சா? விசில் ஊதட்டா?" என்றார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள், ஏனென்றால் இரண்டு பேர் கேட்டதும் அதற்குள் இருந்தது. இப்போது சொல், உன் மெய்ன் மாநிலத்தார் இதைப் பெரிய பெரிய புத்தகம் படித்துக் கண்டுபிடித்தார்களா, இல்லை அங்கேயும் ஒரு கண்டக்டர் இருந்தாரா?

அடுத்த சண்டை யாருக்கு ஓட்டு என்பது. வீட்டுக்கு ஒன்று, ஆம்பளை போட்டால் போதும் என்று ஊர்க்கவுண்டர்கள் இருவரும் சொன்னார்கள். அதில் மட்டும் அவ்வளவு ஒற்றுமை! நான் அப்போதே சின்னவெளியில் பால்வாடி டீச்சர். எழுந்து நின்று, "பாய், பொம்பளைங்க ஏறினா ஓசியா?" என்று கேட்டேன். "ஓசியா? ஃபுல் டிக்கெட்டுங்கம்மா" என்றார். "அப்ப ஓட்டும் ஃபுல்லு" என்றேன். பாய் யோசித்துவிட்டு, ஃபுல் டிக்கெட் வாங்குகிறவர்களுக்கெல்லாம் ஓட்டு, அரை டிக்கெட்டுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். வீடு என்றால் ஒரே வாய்தான் என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் பாதி வீட்டைப் பார்க்காமலே காலம் கழிக்கிறார்கள். கட்டிக்கொள்கிறவள் உன் கட்சியில்தான் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதே. எதிர்க்கட்சியாக இருந்தாலும் சோறு போடுவாள், நான் போடவில்லையா?

ஓட்டுச் சீட்டுக்குப் பதில், புளியம்பட்டுக்குப் புளியங்கொட்டை, பலாமரத்தூருக்குப் பலாக்கொட்டை. மூடிய கையோடு போய்ச் சட்டிக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். நான் பலாக்கொட்டைதான் போட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை, எண்ணி முடிந்ததும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். பலாமரத்தூரில் பிறந்து புளியம்பட்டில் வாழ்க்கைப்பட்ட எல்லாப் பெண்களும் அதையேதான் போட்டார்கள். சீட்டில் துண்டு கிடந்தால் என்ன, நின்றுகொண்டே போனாலும் அம்மா வீட்டு வாசலில் போய் இறங்கலாமே! இந்தக் கணக்கு உன் அப்பாவுக்கு எண்ணி முடிகிற வரை தெரியாது. புளியம்பட்டே தன் சட்டைப்பையில் இருக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

எண்ணுகிற இடம் நடுவில் இருக்கிற சின்னவெளி, என் பால்வாடி. அவரவர் ஊர்ச் சட்டியை அவரவர் ஊர்க்கவுண்டர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனி மாதம், திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பாய் வந்துதான் எண்ணவேண்டும், பஸ்ஸோ ஏற்றத்தில் எங்கோ நின்றுவிட்டது. எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்து, பால்வாடியில் இருந்த பலாக்கொட்டையைத் தணலில் போட்டுச் சுட்டு எல்லோருக்கும் கொடுத்தேன். வெள்ளையன் அண்ணன் அடுப்பை ஒட்டி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பூச்சி நெருங்கவிடாமல் காவல் காத்தார். காவல் என்றால் அப்படி ஒரு காவல். நான் சுட்டுக் கொடுத்தது தீர்ந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே, பஸ் பலாமரத்தூர் வந்தால் என்னென்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டே, மடியிலிருந்து ஒன்றொன்றாக எடுத்துத் தணலில் போடுவதும், உரிப்பதும், வாயில் போட்டுக்கொள்வதுமாக இருந்திருக்கிறார். அண்ணன் சாப்பிட்டது ஓட்டு.

பாய் வந்தார், எண்ணினார். புளியம்பட்டு உன் அப்பாவுக்கு, சின்னவெளியும் பலாமரத்தூரும் அண்ணனுக்கு. மூன்றையும் கூட்டினால் பலாக்கொட்டைதான் முந்தியிருக்க வேண்டும், பொம்பளைகள் அப்படிப் போட்டிருந்தோம். ஆனால் புளியங்கொட்டை ஒன்றே ஒன்று கூடுதலாக இருந்தது. "பலாமரத்தூர்ல தலை இத்தினி, கொட்டை கம்மியா கீதே, டேலி வர்லியே?" என்றார் பாய். எல்லோர் கண்ணும் மெதுவாகக் கீழே இறங்கி, அண்ணன் காலடியில் கிடந்த தோலில் போய் நின்றது. அண்ணனும் பார்த்தார். வாயில் ஒன்று மிச்சம் இருந்தது. அதை முழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றார்.

"தோல எண்ணுங்க, தோலும் ஓட்டுதான்" என்றார்கள் பலாமரத்தூர்க்காரர்கள். "அதுல பால்வாடி கொட்டையும் கீது, எது ஓட்டு எது பலகாரம்?" என்றார் உன் அப்பா. கேள்வி என்னவோ சரியான கேள்வி. பாய் தலையில் கை வைத்துக்கொண்டு, "டிக்கெட்ட தின்னுட்டு தோலக் காட்டினா செக்கிங்குக்கு நான் இன்னா பதில் சொல்றது? தின்ன கொட்டை செல்லாது" என்றார். ஊருக்கு ஒன்று என்கிற கணக்கில் அண்ணனுக்கு இரண்டு, உன் அப்பாவுக்கு ஒன்று. மொத்தத்துக்கான இரண்டும் உன் அப்பாவுக்கு. மூன்றுக்கு இரண்டு. பஸ் அன்று முதல் புளியம்பட்டில் தூங்கியது. உன் மெய்ன் மாநிலத்தில் இந்தச் சட்டம் வந்து இத்தனை தேர்தல் ஆகியும் ஒருமுறைகூட ஓட்டு பிரியவில்லை, எப்போதும் நாலும் ஒருவருக்கே போகிறது, இந்தத் தடவையும் அப்படியே என்று எழுதியிருந்தாய். அப்புறம் எதற்கு அந்தச் சட்டம்? நாங்கள் முதல் தடவையிலேயே பிரித்துக் காட்டினோம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். உன் அப்பா நிற்கவிட்டாரா? தினமும் விடியற்காலையில் பஸ்ஸைத் தானே பெற்றது போல அதன் வாசலில் போய் நிற்பார். பலாமரத்தூரிலிருந்து அண்ணன் சாமை மூட்டையோடு நடந்து வந்து ஏறும்போது, "மச்சான், வழிக்குக் கொட்டை எட்தாந்தியா?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான், முதல் நாள் சிரித்தேன். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தேன், அதற்கப்புறம் முடியவில்லை. ஒரு நாள் அவர் படியில் வைத்த காலை எடுத்தார், மேலே ஏற்றிய மூட்டையை இறக்கச் சொன்னார், தலையில் வைத்துக்கொண்டு காட்டு வழியாக ஆலங்காயத்துக்கு நடந்தே போய்விட்டார். அன்றிலிருந்து அவர் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. மழையானாலும் சுமையானாலும் நடைதான். எனக்குப் பிறந்த ஊரில் தலை காட்டக் கூசியது. உன் அப்பா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை, ஆனால் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஜெயித்தவன் வாயை மூடத் தெரிந்துகொண்டால் ஊரில் பாதிப் பகை இருக்காது கண்ணு. நீ மல்லிகாவிடம் என்றைக்காவது ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தால், அது அபூர்வமாகத்தான் நடக்கும், உடனே எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடு. அங்கே மாடு இல்லையென்றால் உருளைக்கிழங்கைப் பார்க்கப் போ.

இப்படியிருக்க உன் கடிதம் வந்தது. ஓரத்து வரியை நான் படித்ததும் உன் அப்பா எழுந்துவிட்டார். "அவன் வாசல்ல நான் போய் நிக்கணுமா? இது என் வூடு, இந்த வூட்டுக்கு ஒரே வாய்தான். முடியாதுன்னா முடியாது." நான் கடுதாசியைத் திருப்பி, உன் மெய்ன் சங்கதியை முதலிலிருந்து உரக்கப் படித்தேன். கமலா இருக்கிறாளே, அவள் டீச்சர் டிரெய்னிங் படிக்கிறவள், உடனே பிடித்துக்கொண்டாள். "நாலு ஓட்டு. வூடு மொத்தத்துக்கும் ரெண்டு. ரெண்டு தொகுதிக்கு ஒண்ணொண்ணு. அம்மாவும் நானும் அடுப்படித் தொகுதி. அப்பா மாட்டுக்கொட்டாய்த் தொகுதி" என்றாள். காளை வாங்கியதிலிருந்து உன் அப்பா கொட்டாயில்தான் படுக்கிறார் என்பது உனக்குத் தெரியும். அவர் மறுக்காமல், "அப்ப காளைக்கும் ஒரு ஓட்டு போடு" என்றார். "காளைக்கு டிக்கெட்டு உண்டாங்க? அது லக்கேஜு" என்றேன். அடுப்படி எங்களுக்கு, வீட்டின் மொத்தம் எங்களுக்கு, மாட்டுக்கொட்டாய் அவருக்கு. மூன்றுக்கு ஒன்று. "எங்க தொகுதில நான்தான் ஜெயிச்சேன்" என்று காளையிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சில நாள் அந்தத் தொகுதியை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு அங்கேயே போனது. பிறகு ஒரு காலையில் சவரம் செய்துகொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "நட, போய்ட்டு வரலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்புப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பலாமரத்தூரில் வெள்ளையன் அண்ணன் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. உன் அப்பா நின்றார். வெயிலில் நின்றார். "மச்சான், பொண்ணு கேக்க வந்தேன்" என்றார். அண்ணன் கயிற்றை முடிக்கும் வரை நிமிரவில்லை. அப்புறம், "மல்லிகா எனக்கும் எழுதிட்டா. குடுக்கறேன். பரிசம்லாம் வேணாம். நாளைக்கு ஆலங்காயம் சந்தைக்குப் போறேன், கூட வா" என்றார். "பஸ்ல தானே?" என்றார் உன் அப்பா. "நான் எப்டிப் போறேனோ அப்டி" என்றார் அண்ணன். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அங்கிருந்த பலா மரத்தில் எத்தனை காய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியும் முன்னே இரண்டு பேரும் கிளம்பினார்கள், தலைக்கு ஒரு மூட்டையோடு. நானும் கமலாவும் பஸ்ஸில் போனோம், இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? காட்டு வழி ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற வளைவில் இருவரும் தெரிந்தார்கள். அண்ணன் முன்னால் ஆடு போல இறங்கிக்கொண்டிருந்தார். உன் அப்பா பின்னால் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பாஷா பாய்க்கு இப்போது தாடியெல்லாம் நரை, குரல் அப்படியே இருக்கிறது. விசில் ஊதி நிறுத்தி, "ஏறுங்க கவுண்டரே, ரெண்டு பேரும் ஏறுங்க" என்றார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். உன் அப்பா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்! ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார், அண்ணன் முதுகைப் பார்த்தார், காலை எடுத்துவிட்டார். "வேணாம் பாய். மச்சானோட பேசினு போறேன்" என்றார். பேசுகிற மூச்சு அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆலங்காயத்தில் டீக்கடை பெஞ்சில் அவர்களைக் கண்டோம். உன் அப்பா வேட்டியில் முள், முழங்காலில் ரத்தம். என்னைப் பார்த்ததும், "இந்த வழியிலதான்மே தெனம் வந்துனு போயினு இருந்திருக்காரு, மூட்டையோட" என்றார். அண்ணன் மடியை அவிழ்த்து, சுட்ட பலாக்கொட்டை ஒரு கைப்பிடி எடுத்தார். பாதியை உன் அப்பா கையில் வைத்தார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி உரித்து உரித்துத் தின்றார்கள். யாரும் எண்ணவில்லை.

சாயங்காலம் அண்ணன் பஸ்ஸில் ஏறினார். உன் அப்பாதான் கையைப் பிடித்து ஏற்றினார், உண்மையில் யார் யாரை ஏற்றினார்கள் என்று சொல்வது கஷ்டம். "பலாமரத்தூர் ரெண்டு, எங்க வூட்ல ரெண்டு பேருக்கு புளியம்பட்டு" என்று டிக்கெட் கேட்டார் உன் அப்பா. "பலாமரத்தூருக்கு ஏதுங்க பஸ்ஸு? உங்க ஊரோட சரி. அன்னிக்கு எண்ணித்தானே முடிவு பண்ணோம்" என்றார் பாய். உன் அப்பா அண்ணனைப் பார்க்காமல், பஸ் முழுக்கக் கேட்கும்படி, "தின்ன கொட்டையும் ஓட்டுதான், பாய்" என்றார்.

பாய் நாலு டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார். அப்புறம் நீளமாக ஒரு விசில் ஊதினார். அன்று இரவு பஸ் பலாமரத்தூரில் தூங்கியது. இனியும் அங்கேயே தூங்கட்டும் என்று இரண்டு ஊர்க்கவுண்டர்களும் கைநாட்டு வைத்து டிப்போவில் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு எதுவானாலும் சரி என்றார்களாம். நம் ஊர்க்காரர்கள் சீட்டு போய்விட்டதென்று உன் அப்பாவைத் திட்டுகிறார்கள். பொம்பளைகள் யாரும் திட்டவில்லை.

தை மாதம் என்று பேசியிருக்கிறோம், லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர். மல்லிகாவுக்குத் தனியாக ஒரு முழுப் பக்கம் எழுது, தேர்தலைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். இதை ஒட்டப் போகிற நேரத்தில் உன் அப்பா நொண்டிக்கொண்டே கொட்டாயிலிருந்து வந்தார். மாட்டுக்கொட்டாய்த் தொகுதியில் மறுபடியும் ஓட்டுப் போட்டாயிற்று, முடிவை மாற்றி எழுது என்கிறார். எழுதிவிட்டேன், கண்ணு. உன் மெய்ன் மாநிலம் போலவே, நாலும் ஒரே பக்கம் போய்விட்டது.

உன் அம்மா